பாதம் சொல்லும் வயது

வாழைக்கும் செம்மண்ணுக்கும் பெயர்போன யாழ்ப்பாணத்து நீர்வேலியில், போருக்குப் பிறகும் நிமிர்ந்து நிற்கிற பழைய கல்வீடுகள் சில உண்டு. அவற்றின் உள்ளறையில் பெரும்பாலும் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கும். வெள்ளிப் பன்னீர்ச்செம்பு, மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர் கொண்டுவந்த தேநீர்க் கோப்பைகள், பிள்ளைகள் வாங்கிய பரிசுக் கிண்ணம், இவற்றுக்கு நடுவே தண்டும் பாதமும் வைத்த இரண்டு மூன்று கிளாஸ்கள். ஒன்று இரத்தச் சிவப்பு, மேலே மானும் திராட்சைக் கொடியும் செதுக்கியது. இன்னொன்று விளிம்பில் பொற்கோடு போட்டது. தண்ணீருக்கு மூக்குப்பேணியும் கள்ளுக்குப் பனையோலைப் பிளாவும் பழகிய மண்ணில் இவை வெளியூர்ப் பொருள்கள். அதனால்தான் அலுமாரிக்குள் பத்திரமாய் இருக்கின்றன.

எவ்வளவு பழையது என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு கதை வரும். "இது ஒல்லாந்தர் காலத்துச் சாமான் தம்பி, கோட்டையிலை இருந்து வந்தது" என்பார் ஒரு ஆச்சி. "கவுண்மேந்து ஏசண்டர் பூட்டனுக்குக் குடுத்தது" என்பார் இன்னொரு வீட்டுக்காரர். இந்தக் கதைகளை நான் மதிக்கிறேன். பொருள் யார் கையால் வந்தது என்பதைச் சொல்ல அவற்றை விட்டால் வேறு ஆள் இல்லை. ஆனால் கிளாஸ் எப்போது செய்யப்பட்டது என்பதற்குக் கிளாசே சாட்சி. அந்தச் சாட்சியை விசாரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு தடையைச் சொல்லிவிடுகிறேன். மரம், எலும்பு, கரி போன்றவற்றுக்குப் பயன்படும் கார்பன்-14 முறை இங்கே உதவாது. கண்ணாடி ஒருபோதும் உயிரோடு இருந்ததில்லை. காற்றின் கார்பனை உள்வாங்கியதும் இல்லை. மணல், சுண்ணாம்பு, சோடாவோ பொற்றாசோ ஆகிய மூன்றையும் உருக்கி ஆறவைத்த பொருள் அது. மணல் என்றதும், வடமராட்சிக் கிழக்கில் அம்பன், வல்லிபுரம் பக்கத்து வெள்ளை மணல் நாட்டின் தரமான சிலிக்கா மணல்களில் ஒன்று என்பதை நினைவூட்டலாம். சுண்ணக்கல்லோ நீர்வேலியின் செம்மண்ணுக்குக் கீழேயே கிடக்கிறது. மூலப்பொருளின் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். எங்களுக்கு வேண்டியது அது சூளையிலிருந்து வெளிவந்த நாள். அதைக் கைவேலையின் தடயங்களிலிருந்தும் இரசாயனச் சேர்க்கையிலிருந்தும்தான் ஊகிக்க முடியும்.

ஆகவே கிளாசைக் கையில் எடுத்ததும் அழகான கிண்ணப் பகுதியைப் பார்க்காதீர்கள். கவிழ்த்துப் பிடித்துப் பாதத்தின் அடியைப் பாருங்கள்.

கையால் கிளாஸ் செய்யும் முறை இது: நீண்ட இரும்பு ஊதுகுழலின் நுனியில் உருகிய கண்ணாடியை அள்ளி, ஊதிக் கிண்ணமாக்குவார்கள். அதில் தண்டை ஒட்டுவார்கள்; தண்டில் பாதத்தை ஒட்டுவார்கள். இந்தக் கட்டத்தில் கிண்ணத்தின் வாய் இன்னும் ஊதுகுழலோடு ஒட்டியிருக்கும். வாயை விடுவிக்க வேண்டுமானால் மறுபக்கத்தைப் பிடிக்க ஏதாவது வேண்டும். அதற்காகப் பொன்டில் எனப்படும் இன்னொரு இரும்புக்கோலைச் சிறிது உருகிய கண்ணாடியால் பாதத்தின் நடுவே ஒட்டி, ஊதுகுழலைப் பிரித்து, வாயை மீண்டும் நெருப்பில் காட்டி, கத்தரிக்கோலால் சமன்செய்வார்கள். கடைசியில் பொன்டிலைத் தட்டி உடைத்தால் பாதத்தின் அடியில் கரடுமுரடான ஒரு வடு மிஞ்சும்.

18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்த வடுவை யாரும் தேய்த்து நீக்கவில்லை. மேசையைக் கீறாமல் இருக்கப் பாதத்தையே கூம்பாக உயர்த்தினார்கள். வடு உள்ளே தொங்கும், மேசையைத் தொடாது. அந்தக் காலப் பாதம் கிண்ணத்தின் வாயளவு அகலமாகவோ அதைவிட அகலமாகவோ இருப்பதும் வழக்கம். 1780க்குப் பிறகு படிப்படியாக வடுவைச் சக்கரத்தில் அரைத்து மெருகிட்டார்கள்; அடியில் வழவழப்பான சிறு குழி தெரிந்தால் அது இந்த மெருகின் அடையாளம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாதத்தை இடுக்கிப் பிடிக்கும் கருவி வந்தது. வடுவே இல்லாமல் போயிற்று. வடு இருந்தாலே பழையது என்று முடிவுகட்டவும் கூடாது. இன்றும் கையால் ஊதுகிறவர்கள் பொன்டிலைத்தான் பயன்படுத்துகிறார்கள். போலி செய்கிறவர்களும் அந்த வடுவை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். ஒரு தடயத்தை மற்றொன்று ஆமோதிக்கும்வரை காத்திருப்பதே இந்தத் துறையின் ஒழுக்கம்.

அடுத்த தடயம் வாய்விளிம்பு. கத்தரியால் வெட்டி நெருப்பில் மழுங்கவைத்த விளிம்பு விரலுக்கு உருண்டு, மென்மையாக, ஓரிடத்தில் லேசாகத் தடித்து இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், ஆறிய கிளாசைச் சுற்றிக் கீறி, சூட்டினால் விண்டு, பிறகு அரைக்கும் முறை பரவியது. அந்த விளிம்பு தட்டையாக, ஒரே மட்டமாக இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் மெல்லிய இயந்திரக் கிளாஸ்களில் வாயைச் சுற்றி நூல்போல ஒரு சிறு தடிப்பு ஓடும்.

மூன்றாவது, தையல்கோடு. அச்சில் வார்த்த பொருளில் அச்சின் துண்டுகள் சேர்ந்த இடம் கோடாக விழும். அச்சுக்குள் உருகிய கண்ணாடியை ஊற்றி, மேலிருந்து இரும்பு உலக்கையால் அழுத்தும் முறை 1820களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வளர்ந்தது. சில ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கும் போயிற்று. இப்படி அழுத்திய கிளாசை அடையாளம் காண விரலே போதும். வெளியே பூவும் வைரக்கட்டும் இருக்கும். உள்ளே விட்டுத் தடவினால் வழவழப்பாக இருக்கும், ஏனென்றால் உள்பக்கம் உலக்கையின் உருவம். அச்சுக்குள் ஊதியது என்றால் வெளியே மேடான இடத்தில் உள்ளே பள்ளம் தட்டுப்படும். சக்கரத்தால் வெட்டிய கிளாஸ் வேறு: உள்ளே வழவழப்பு, வெளியே வெட்டின் ஓரங்கள் நகத்தில் கூர்மையாகப் படும். அழுத்திய கிளாசின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். எங்கள் அலுமாரிகளில் 'வெட்டுக் கண்ணாடி' என்று பெருமையாகச் சொல்லப்படுவதில் கணிசமான பகுதி உண்மையில் அழுத்தியது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் வில்லியம் லைற்றன் 1864இல் ஈயம் இல்லாமலே தெளிந்த, மலிவான சோடா-சுண்ணாம்புக் கண்ணாடிக் கலவையைச் செம்மைப்படுத்தினார். சாதாரண உத்தியோகத்தரின் வீட்டு மேசைக்கும் மினுங்கும் கிளாஸ் எட்டியது இத்தகைய கலவையாலும் அழுத்த இயந்திரத்தாலும்தான்.

இனி ஒல்லாந்தர் கதைக்கு வருவோம், ஏனென்றால் அது முற்றிலும் அசாத்தியமானது அல்ல. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியிடம் இருந்தது. அந்த 137 ஆண்டுகளில்தான் குடிக்கும் கண்ணாடியின் வரலாற்றில் மிகப்பெரிய மாற்றமும் நடந்தது. 1674இல் லண்டனில் ஜோர்ஜ் ரேவன்ஸ்குரொப்ற் புதுவகைப் பளிங்குக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் செய்த பாத்திரங்களில் மயிரிழை வெடிப்புகள் விழுந்தன. கலவையில் ஈயவொட்சைட்டைச் சேர்த்த பிறகு அது அடங்கியது. 1676 முதல் தம் நல்ல பாத்திரங்களில் காகத்தலை முத்திரை ஒட்டினார். பின்னாளில் இங்கிலாந்தில் ஈயவொட்சைட்டின் பங்கு நிறையில் 30 சதவீதம் அளவுக்கு உயர்ந்தது. ஈயம் சேர்ந்த கண்ணாடி குறைந்த சூட்டிலேயே இளகும், நெடுநேரம் வேலைசெய்ய இடங்கொடுக்கும். ஒளியைக் கூடுதலாக முறிக்கும். சாதாரணக் கண்ணாடியின் முறிவுச்சுட்டி சுமார் 1.52, ஈயக் கண்ணாடியில் அது 1.55ஐத் தாண்டும். மினுக்கத்தின் இரகசியம் அதுதான்.

இந்தப் புதிய பொருளால் ஆங்கிலேயர் முதலில் கனத்த கிளாஸ்கள் செய்தார்கள்: தண்டில் பெரிய குமிழ்கள், தடித்த அடி. 1714இல் முதலாம் ஜோர்ஜ் அரியணை ஏறியதையொட்டி, தோள் அகன்று கீழே ஒடுங்கும் பட்டைத் தண்டு வழக்கத்துக்கு வந்தது. பிறகு வரி வந்தது. 1745இல் பிரித்தானிய நாடாளுமன்றம் கண்ணாடிக்கு நிறையின்படி தீர்வை விதித்தது. சூளைக்காரர்கள் கண்ணாடியைக் குறைத்து அலங்காரத்தைக் கூட்டினார்கள். பாதத்தின் ஓரத்தை உள்ளே மடித்துத் தடிப்பாக்கும் பழைய வழக்கம் அருகியது. தண்டுக்குள் காற்றுக்குமிழிகளை அடைத்து, இழுத்து, முறுக்கி, வெள்ளி இழைபோலச் சுழலவைத்தார்கள். 1745 முதல் 1770 வரை இந்தக் காற்றுமுறுக்குத் தண்டின் காலம். 1760 முதல் 1780 வரை காற்றுக்குப் பதில் வெள்ளை எனாமல் நூல். 1777இல் அந்த எனாமலுக்கும் வரி விழுந்ததும், தண்டைப் பட்டைபட்டையாக வெட்டுவது மேலோங்கியது. 1845இல் தீர்வை நீங்கியது. உடனே கனத்த, ஆழமாய் வெட்டிய விக்ரோறியாக் காலக் கிளாஸ்கள் பெருகின. வரிச்சட்டம் ஒன்று நூறு ஆண்டுகள் ஒரு பொருளின் எடையையும் வடிவத்தையும் ஆட்டிவைத்தது. தண்டைப் பார்த்தே பத்திருபது ஆண்டு இடைவெளிக்குள் காலம் சொல்ல முடிவது அதனால்தான்.

ஒல்லாந்தருக்கு இதில் என்ன பங்கு? செதுக்குவேலை. ஆங்கில ஈயக் கண்ணாடி மென்மையானது. செப்புச் சக்கரத்துக்கும் வைர ஊசிக்கும் இணங்கும். அதை ஒல்லாந்துக்கு வரவழைத்து அங்கே செதுக்கினார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஜேக்கப் சாங் சக்கரத்தால் கப்பல்களையும் குடும்பச் சின்னங்களையும் வெட்டி, சிலவற்றில் தம் பெயரையும் ஆண்டையும் பொறித்தார். பிரான்ஸ் கிறீன்வூட், டேவிட் வொல்ப் ஆகியோர் வைர முனையால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் குத்தி முகங்களையும் உருவங்களையும் கண்ணாடியில் மூச்சுப் படிந்ததுபோல எழுப்பினார்கள். கொம்பனிக் கப்பலின் படத்தோடும் செழிப்பு வாழ்த்தோடும் உள்ள கிளாஸ்கள் நெதர்லாந்து அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. விருந்தில் அந்த வாழ்த்தைச் சொல்லிக் குடிப்பதற்காகவே அவை செய்யப்பட்டன.

அத்தகைய ஒன்று யாழ்ப்பாணக் கோட்டைக்குள் மேசையேறியிருக்கலாம். ஆனால் நீர்வேலி அலுமாரியிலுள்ள கிளாஸ் அதுவாக இருக்க வேண்டுமானால், அதற்குக் கூம்புப் பாதம் வேண்டும், வடு வேண்டும், கத்தரித்த விளிம்பு வேண்டும், தண்டு அந்தக் காலத்துக்குப் பொருந்த வேண்டும். மானும் திராட்சைக்கொடியும் செதுக்கிய சிவப்புக் கிளாஸ் இந்தத் தேர்வில் தேறாது. அது வேறொரு நல்ல கதைக்கு உரியது.

பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டின் வடக்கே, பிறீட்றிச் ஏகர்மன் என்ற கைவினைஞர் கண்ணாடியின் மேல்தோலுக்கு மட்டும் நிறமேற்றும் வழிகளைத் தேடினார். வெள்ளி உப்பால் மஞ்சள் முதலில் கைவந்தது. 1832 அளவில் செம்புச் சேர்மத்தால் சிவப்பும் கைவந்தது. கண்ணாடியின்மீது பூசிச் சுட்டால் நிறம் மயிரிழை ஆழத்துக்கு மட்டும் ஊறும். பிறகு சக்கரத்தால் சுரண்டினால் சிவப்புப் பின்னணியில் வெண்மையாக மான் வெளிப்படும். பொன்துகளால் நிறமேற்றிய மாணிக்கக் கண்ணாடி இதற்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது, ஆனால் விலை அதிகம். ஏகர்மனின் முறை சிவப்பைச் சாதாரணக் கடைக்கு இறக்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் பொஹீமியா இதை உலகெங்கும் அனுப்பியது.

சிவப்பு எந்த வகை என்று அறிவது எளிது. வெட்டின் ஓரத்தைக் கைவில்லையால் பாருங்கள். சிவப்புக்குத் தடிப்பே தெரியாமல் வெறும் தோல்போல முடிந்தால் பூசிச் சுட்டது. வாய்விளிம்பிலும் பாத ஓரத்திலும் தேய்ந்து வெளுத்திருக்கும். படிபோல ஒரு தடிப்பு தெரிந்தால் நிறக் கண்ணாடியை மேலே போர்த்தியது. உடல் முழுவதும் ஒரே சிவப்பாக இருந்து, சற்றே செம்மஞ்சள் சாயல் அடித்தால் செலெனியம் கலந்ததாக இருக்கலாம். அது 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிந்திய தொழில்நுட்பம்.

நிறமற்ற கண்ணாடியும் நிறத்தால் பேசும். மணலில் இரும்பு கலந்திருப்பதால் கண்ணாடி இயல்பாகப் பச்சை தட்டும். அதைப் போக்க மங்கனீசு சேர்ப்பார்கள். மங்கனீசு இரும்பை ஒட்சியேற்றி வெளிர்மஞ்சளாக்கும். தன் ஊதாச் சாயலால் மிஞ்சிய பச்சையையும் அமுக்கும். ஆனால் ஆண்டுக்கணக்காக வெயில் பட்டால் கழியூதாக் கதிர் மங்கனீசின் அயன்களை மாற்றி, தெளிந்த கிளாசை மெல்ல ஊதாவாக்கிவிடும். முதல் உலகப் போர்க்காலத்தில் மங்கனீசு வரத்துக் குறைந்தபோது செலெனியம் பல சூளைகளில் அதன் இடத்தைப் பிடித்தது. அது வெயிலில் வைக்கோல் நிறம் கொள்ளும். யன்னலோரத்தில் தலைமுறைகளாக நின்ற கிளாசில் மெல்லிய ஊதா தெரிந்தால், பெரும்பாலும் அது அந்தப் போருக்கு முந்தியது. கழியூதா ரோச்சு லைற் இப்போது நோட்டுச் சரிபார்க்கும் கடைகளில்கூட உண்டு. இருட்டில் அடித்துப் பாருங்கள்: மங்கனீசு மங்கலாகப் பச்சை காட்டும்; யுரேனியம் கலந்திருந்தால் மின்மினிப் பச்சையாக எரியும். 1830கள் முதல் பொஹீமியாவில் மஞ்சளும் பச்சையுமாக யுரேனியக் கண்ணாடி செய்தார்கள். 1940களில் யுரேனியம் அரசுகளின் கட்டுப்பாட்டுக்குள் போனதும் அந்த உற்பத்தி பெரிதும் நின்றது. அலுமாரியில் வைத்திருப்பதால் ஆபத்தில்லை. குடிக்க மட்டும் வேண்டாம்.

ஈயக் கண்ணாடியா என்று அறிய எல்லோரும் செய்வது சுண்டிப் பார்ப்பது. ஈயக் கண்ணாடியில் வழக்கமாகச் சோடியத்துக்குப் பதில் பொற்றாசியம் இருக்கும். அது பெரிய அயன், எளிதில் நகராது, அதிர்வின் சக்தி உள்ளேயே வெப்பமாய் விரயமாவது குறைவு, ஒலி நீளும். ஆனால் ஒலி வடிவத்தையும் பொறுத்தது. தடித்த அடிக்கிளாஸ் ஈயமே ஆனாலும் மொத்தென்றுதான் ஒலிக்கும். மேலும் வெடிப்புள்ள கிளாசைச் சுண்டினால் உள்ளதும் போய்விடும். அதைவிட ஆர்க்கிமிடீசை நம்பலாம். சமையலறை டிஜிற்றல் தராசில் உலர்ந்த கிளாசை நிறுங்கள். பிறகு தராசின்மேல் தண்ணீர்ப் பாத்திரம் வைத்துப் பூச்சியமாக்கி, கிளாசை நூலில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல், குமிழி தங்காமல் முழுக்க அமிழ்த்திப் பிடியுங்கள். தராசு காட்டும் கிராம் அளவே கிளாசின் கனவளவு, கன சென்ரிமீற்றரில். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி. 240 கிராம் கிளாஸ் 96 காட்டினால் 2.5, அது சோடா-சுண்ணாம்பு. 80 காட்டினால் 3.0, அது ஈயம். வீட்டிலேயே செய்யக்கூடிய இந்தச் சோதனை கிளாசுக்கு ஒரு கீறலும் போடாது. எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் மாணவருக்கு அடர்த்தி கற்பிக்க இதைவிடச் சுவையான பொருள் கிடைக்காது என்பது என் எண்ணம்.

ஈயக் கிளாஸ் என்று தெரிந்தால் ஒரு எச்சரிக்கை. அதில் மதுவோ பழச்சாறோ நாட்கணக்கில் வைக்காதீர்கள். ஈயப்பளிங்குச் சாடியில் மாதக்கணக்கில் வைத்த வைனில் ஈயம் பல மடங்கு ஏறியதை 1991இல் லான்செற் மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது.

குறிகள் இருந்தால் வேலை இன்னும் எளிது, இருந்தும் கவனம் வேண்டும். அழுத்திய ஆங்கிலக் கிளாசில் வைர வடிவக் குறி ஒன்று தென்படலாம்; உச்சியில் சிறு வட்டத்துக்குள் உரோமன் மூன்று இருந்தால் அது கண்ணாடிப் பிரிவு. 1842 முதல் 1883 வரை பிரித்தானிய அரசு வடிவமைப்புகளைப் பதிவுசெய்த முத்திரை அது. ஆண்டெழுத்து 1867 வரை மேல் மூலையிலும், 1868 முதல் வலது மூலையிலும் இருக்கும். 1884 முதல் வெறும் பதிவெண். 1890 தொடங்கும்போது அது 1,41,000ஐயும், 1900 தொடங்கும்போது 3,51,000ஐயும் கடந்திருந்தது. கேற்ஸ்ஹெட் நகரின் சவர்பி சூளை 1876 முதல் மயில்தலை முத்திரை போட்டது. இவை எல்லாம் வடிவம் பதிவான நாளைத்தான் சொல்கின்றன. அதே அச்சில் அடுத்த பத்து இருபது ஆண்டுகளும் வார்த்திருக்கலாம். நாட்டுப்பெயரும் எல்லை வகுக்கும்: செக்கோஸ்லோவாக்கியா என்றால் 1918க்கும் 1992க்கும் இடையில், 'ஆக்கிரமிக்கப்பட்ட யப்பான்' என்றால் 1947க்கும் 1952க்கும் இடையில். அடியில் தனியே நிற்கும் சிறிய எண்ணை ஆண்டென்று எண்ணாதீர்கள், அது பெரும்பாலும் அச்சின் இலக்கம். முடிசூட்டு விழாக் கிளாஸ்களில் ஆண்டு நேராகவே இருக்கும்: 1911, 1937, 1953. எட்டாம் எட்வேர்டின் முடிசூட்டு விழா 1937 மேயில் நடக்க இருந்தது. 1936 டிசம்பரிலேயே அவர் முடி துறந்துவிட்டார். அதற்குள் நினைவுப்பொருள்கள் கடைக்கு வந்திருந்தன. ஆகவே நடக்காத விழாவுக்கும் கிளாஸ் உண்டு.

இந்தியாவின் பங்கை மறந்துவிட வேண்டாம். பிறோசாபாத்தில் ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலை 1930கள் முதல், சூடான கண்ணாடியில் உலோக உப்பைத் தெளித்து வானவில் மினுக்கம் ஏற்றிய தம்ளர்களையும் பூச்சாடிகளையும் செய்தது. 1980களில் அது மூடப்பட்டது. சில தம்ளர்களின் அடியில் அந்தப் பெயர் ஆங்கில எழுத்தில் மேடாக இருக்கும். மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். 1914 முதல் 1964 புயல்வரை தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. 1905 முதல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் றெயில் ஓடியது. ஒரு யாழ்ப்பாண வீட்டுக்குக் கிளாஸ் வந்துசேரக்கூடிய வழிகள் இவை. கொழும்புத் துறைமுகம், பினாங்கு, இராமேசுவரக் கரை என்று எண்ணிப் பார்த்தால், எங்கள் அலுமாரிக் கிளாஸ்களில் பெரும்பாலானவை 1870க்கும் 1950க்கும் இடைப்பட்டவையாக இருக்கத்தான் வாய்ப்பு. ஒல்லாந்தர் காலத்துக்கு முந்திய கண்ணாடியும் எங்கள் பக்கத்தில் உண்டு, ஆனால் மண்ணுக்குள். 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் மாந்தையில் நடந்த அகழ்வு அதைக் காட்டியது. அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

பழமையைக் காட்டும் இன்னொன்று தேய்மானம். நூறு ஆண்டுகள் மேசையிலும் தட்டிலும் இழுபட்ட பாதத்தின் கீறல்கள் தரையைத் தொடும் வளையத்தில் மட்டும், எல்லாத் திசைகளிலும், ஆழமும் நீளமும் மாறிமாறி இருக்கும். அரத்தாளில் தேய்த்துப் பழமையாக்கியதில் கோடுகள் ஒரே திசையில் ஓடும்; தரை படாத இடத்திலும் இருக்கும். கைவில்லை ஒன்று போதும், பொய் பிடிபட்டுவிடும்.

உள்ளே படிந்த வெண்மங்கல் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீர்வேலிக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் ஊறி வருவது. அந்தத் தண்ணீர் உலர்ந்தால் கண்ணாடியில் சுண்ணாம்புப் படலம் விழும். பலர் அதையே முதுமையின் அடையாளம் என்று நினைக்கிறார்கள். பொற்கோடும் நிறப்பூச்சும் இல்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தேசிப்புளி விட்டுப் பாருங்கள். கரைந்தால் அது வெறும் தண்ணீர்ப்படலம். கரையாமல், தொட்டால் பிசுபிசுத்து, நாளடைவில் வலைபோன்ற மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அது கண்ணாடியின் நோய். சுண்ணாம்பு குறைந்து காரம் கூடிய கலவையில், காற்றின் ஈரம் காரத்தை மேற்பரப்புக்கு இழுத்துவரும். ரேவன்ஸ்குரொப்றின் முதல் பாத்திரங்களைக் கெடுத்ததும் இதுதான். அருங்காட்சியகங்கள் இத்தகைய பொருளைச் சுமார் 40 சதவீத ஈரப்பதனில் வைக்கின்றன. எங்கள் மாரிகாலத்துக் காற்றில் அது இயலாது. ஆனால் பொலித்தீனில் சுற்றி அடைத்து வைக்காமல் இருக்கலாம், இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி உடனே துடைத்து உலர்த்தலாம். சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். பொற்கோடும் செதுக்கலும் தேய்மானக் கீறலும், அதாவது சாட்சி முழுவதும், அதோடு போய்விடும்.

1995 ஒக்ரோபர் இறுதியில், போர் நெருங்க, நீர்வேலி அடங்கிய வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது, நீர்வேலிச் சனமும் வீடு, உறுதி, கடிதம், படம் எல்லாவற்றையும் விட்டுப் போனது. திரும்பி வந்தவர்களுக்குத் தாளில் எழுதியிருந்தவை பெரும்பாலும் மிஞ்சவில்லை. சில இடங்களில் கிளாஸ் மிஞ்சியது. நிலத்துக்குள் புதைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. ஒரு குடும்பம் எந்தக் காலத்தில் எங்கே உத்தியோகம் பார்த்தது, எந்தத் துறைமுகத்தால் வந்தது, எதை அழகென்று நினைத்தது என்பதற்கு இந்தச் சிறு பொருள்தான் இன்று மிஞ்சிய ஆவணம். இவை கிலோக்கணக்கில் பழைய சாமான் வண்டிக்குப் போவதைக் காணும்போது மனம் பொறுக்கவில்லை.

உங்கள் அலுமாரியில் ஒன்று இருந்தால், விற்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். கவிழ்த்துவைத்துப் பாதத்தையும், பக்கவாட்டில் தண்டையும், கிட்டவைத்து விளிம்பையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். உயரம், நிறை, அடர்த்தி மூன்றையும் குறியுங்கள். யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, எந்தக் கலியாணத்தில் எடுத்தது என்று வீட்டில் மூத்தவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி, அந்தத் தாளின் ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியே ஓரிடத்திலும் வையுங்கள். மூத்தவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.